வாரம் மூன்று முறை, நான்கு மணி நேரம்: மருத்துவம் உரிமையா என்பதை எங்கே அளப்பது?

டயாலிசிஸ் நாற்காலியில் உட்காருபவரின் கையில் இரண்டு தடித்த ஊசிகள் ஏறும். ஒன்றின் வழியே ரத்தம் வெளியே போகும், மற்றொன்றின் வழியே திரும்பி வரும். நிமிடத்துக்குச் சுமார் 300 மில்லி என்று வைத்தால் நான்கு மணி நேரத்தில் 72 லிட்டர். உடம்பில் இருக்கும் ஐந்து லிட்டர் ரத்தம் பதினான்கு முறைக்கு மேல் இயந்திரத்தைச் சுற்றி வந்துவிடுகிறது. நடுவில் டயலைசர் என்ற உருளை. அதற்குள் தலைமுடி போன்ற பல ஆயிரம் நுண்குழாய்கள். குழாய்க்குள் ரத்தம் ஓட, வெளியே எதிர்த்திசையில் நிமிடத்துக்கு 500 மில்லி என்ற கணக்கில் டயாலிசேட் திரவம் ஓடுகிறது. ஊர்வழக்கில் "உப்பு ஏறிடுச்சு" என்கிறார்களே, அந்த யூரியாவும் கிரியாட்டினினும் பொட்டாசியமும் குழாய்ச் சுவரைக் கடந்து திரவத்துக்குள் இறங்குகின்றன. ஒரு முறைக்கு 120 லிட்டர் சுத்திகரித்த நீர் வேண்டும். சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்தவருக்கு இது வாரம் மூன்று முறை, மாற்றுச் சிறுநீரகம் கிடைக்கும் வரை அல்லது உயிருள்ள வரை.

மருத்துவம் எல்லோருக்கும் உரிமையாக வேண்டுமா என்ற கேள்வியை இந்த நாற்காலியிலிருந்து கேட்பது நல்லது என்று நினைக்கிறோம். தடுப்பூசி, பிரசவம், காய்ச்சல் என்றால் "உரிமைதான்" என்று சொல்வது எளிது. செலவு குறைவு, ஒரு தடவையோடு முடிந்துவிடும். டயாலிசிஸ் அப்படியில்லை. செலவு பெரிது, முடிவில்லாதது, குணமாக்காது, நிறுத்தினால் பெரும்பாலும் சில நாட்களில், அதிகம் போனால் சில வாரங்களில் உயிர் போகும். உரிமை என்ற சொல் இங்கே தாக்குப்பிடித்தால் மற்ற இடங்களிலும் தாக்குப்பிடிக்கும்.

முதலில் கணக்கு. 2016 பிப்ரவரி 29 அன்று மத்திய பட்ஜெட் உரையில் நிதியமைச்சர் அருண் ஜேட்லி சொன்ன எண்கள் இவை: இந்தியாவில் ஆண்டுதோறும் 2.2 லட்சம் பேர் புதிதாக இறுதிக்கட்டச் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளாகிறார்கள். அதனால் கூடுதலாக 3.4 கோடி டயாலிசிஸ் அமர்வுகள் தேவைப்படுகின்றன; ஓர் அமர்வுக்குச் சுமார் 2,000 ரூபாய், ஆண்டுக்கு 3 லட்சத்துக்கு மேல். அந்த உரையோடுதான் தேசிய டயாலிசிஸ் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2.2 லட்சத்தை 156 ஆல் பெருக்கினால் 3.43 கோடி வருகிறது. 156 என்பது வாரம் மூன்று வீதம் 52 வாரம். ஆக, தேவையை அரசே வாரம் மூன்று என்று கணக்கிட்டிருக்கிறது.

நாட்டின் பல மையங்களில் நடப்பதோ வாரம் இரண்டு. ஏன் என்று ஓர் இயந்திரத்தை வைத்தே பார்க்கலாம். நான்கு மணி நேரச் சிகிச்சை, அதன்பின் இயந்திரத்தைக் கிருமிநீக்கம் செய்து அடுத்தவருக்குத் தயாராக்கும் நேரம். ஆக ஒரு நாளில் மூன்று ஷிப்ட் ஓட்டலாம். வாரம் ஆறு நாள் என்றால் 18 அமர்வுகள். வாரம் மூன்று வீதம் கொடுத்தால் ஓர் இயந்திரம் 6 பேரைத் தாங்கும். இரண்டு வீதம் கொடுத்தால் 9 பேர். பத்து இயந்திரம் உள்ள மையத்தில் 60 பேரா, 90 பேரா என்பது இதில் தொங்குகிறது. வெளியே 30 பேர் காத்திருக்கும்போது மையத்தை நடத்துபவர் என்ன செய்வார்? இரண்டாகக் குறைப்பார். அதில் மனிதாபிமானமும் இருக்கிறது. ஆனால் இரண்டு அமர்வுக்கு நடுவே மூன்று நான்கு நாள் இடைவெளி விழும்போது நீர் சேர்ந்து மூச்சு முட்டுகிறது, பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பு குலைகிறது. வாரத்தின் நீண்ட இடைவெளி முடியும் நாளில்தான் டயாலிசிஸ் நோயாளிகளின் இறப்பு கூடுதலாக இருக்கிறது என்பது ஆய்வுகளில் உறுதியான விஷயம். 90 பேருக்கும் அட்டை இருக்கிறது, 90 பேரும் பயனாளிகள் பட்டியலில் இருக்கிறார்கள், சிகிச்சை மட்டும் மூன்றில் இரண்டு பங்கு. பங்கீடு நடந்துவிட்டது, எந்த உத்தரவிலும் அது எழுதப்படவில்லை.

இதே கணக்கு ஒரு நாட்டின் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் புதிய அரசியலமைப்பு வந்த புதிதில், 1997இல், டர்பனிலிருந்து வந்த வழக்கு அது. சட்ட மாணவர்கள் உலகெங்கும் 'சூப்ரமணி வழக்கு' என்று படிக்கிறார்கள்; பெயரிலேயே தமிழ் வேர் தெரிகிறது. வழக்குத் தொடுத்த சூப்ரமணிக்கு 41 வயது, வேலையில்லை, நீரிழிவு, இதய நோய், இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. தனியாரில் டயாலிசிஸ் செய்து கையிருப்பு தீர்ந்தபின் அரசின் ஆடிங்டன் மருத்துவமனைக்குப் போனார். அங்கே இருந்தவை 20 இயந்திரங்கள், சில பழுதான நிலையில். ஒருவருக்கு நான்கு மணி நேரம், சுத்தம் செய்ய இன்னும் இரண்டு மணி நேரம். 60 பேருக்கென்று அமைத்த பிரிவில் 85 பேர் சிகிச்சை பெற்றுக்கொண்டிருந்தார்கள். குணமாகக்கூடிய திடீர்ச் செயலிழப்புக்கும், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியுள்ளவர்களுக்கும்தான் இடம் என்று மருத்துவமனை எழுத்தில் விதி வைத்திருந்தது. இதய நோய் இருந்ததால் அவர் மாற்றுச் சிகிச்சைக்குத் தகுதி பெறவில்லை.

"அவசர மருத்துவச் சிகிச்சை யாருக்கும் மறுக்கப்படக் கூடாது" என்கிறது அந்நாட்டு அரசியலமைப்பின் 27ஆம் பிரிவு. அதைக் காட்டித்தான் அவர் வழக்காடினார். நீதிமன்றம் ஏற்கவில்லை. அவசரம் என்றால் திடீரென நேரும் ஆபத்து. இவருடையது வாரந்தோறும் தொடரும் நிலை. கையிருப்பில் உள்ளதை நியாயமான விதிப்படி பங்கிடும்போது நீதிமன்றம் குறுக்கிட முடியாது என்று நவம்பர் 27 அன்று தீர்ப்பு வந்தது. சில நாட்களில் அவர் இறந்துபோனார்.

கொடூரமான தீர்ப்பு என்று தோன்றும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விதி எழுத்தில் இருந்தது, எல்லோருக்கும் ஒரே விதி, நீதிமன்றத்தில் அதைக் கேள்வி கேட்கவும் முடிந்தது. எண்ணிக்கை பற்றாதபோது பங்கிடத்தான் வேண்டும். எந்த அடிப்படையில் பங்கிட்டோம் என்று பொதுவில் சொல்லும் கடமையை உரிமை என்ற சொல் கொண்டுவருகிறது. உரிமை இல்லாத இடத்திலும் பங்கீடு நடக்கத்தான் செய்கிறது. அங்கே பணப்பையும் சிபாரிசும் அதைச் செய்கின்றன, யாரும் காரணம் சொல்வதில்லை.

டர்பன் தீர்ப்பில் ஓர் இந்திய வழக்கும் பேசப்பட்டது. மேற்கு வங்கத்தில் 1992 ஜூலையில் ஒரு விவசாயத் தொழிலாளி ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வசதியில்லை. பிறகு கொல்கத்தாவின் அரசு மருத்துவமனைகள் ஒன்று மாற்றி ஒன்று. ஓரிடத்தில் படுக்கை இல்லை, ஓரிடத்தில் நரம்பியல் பிரிவு இல்லை. கடைசியில் தனியார் மருத்துவமனையில் சேர்த்தார்கள், சுமார் 17,000 ரூபாய் செலவு. உச்ச நீதிமன்றம் 1996 மே 6 அன்று, உயிர்வாழும் உரிமையைச் சொல்லும் 21ஆம் பிரிவை மாநில அரசு மீறிவிட்டது என்றது. 25,000 ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. நிதிப் பற்றாக்குறையைச் சாக்காகச் சொல்ல முடியாது என்றும் எழுதியது. அதற்கும் முன்னால் 1989இல், விபத்தில் அடிபட்டு வருபவரைப் போலீஸ் நடைமுறைக்காகக் காத்திருக்காமல் காப்பாற்ற வேண்டியது அரசு, தனியார் எந்த மருத்துவருக்கும் கடமை என்று பரமானந்த் கடாரா வழக்கில் அதே நீதிமன்றம் சொல்லியிருந்தது.

தென்னாப்பிரிக்க நீதிபதிகள் இதைப் படித்துவிட்டுச் சொன்னது: அது உண்மையான அவசரம், இது வேறு.

இந்தக் கோடுதான் விஷயத்தின் மையம். இந்தியாவில் மருத்துவ உரிமை என்று சட்டம் இதுவரை உறுதியாகப் பிடித்திருப்பது பெரும்பாலும் அவசரத்தை. ராஜஸ்தான் 2023 மார்ச் 21 அன்று நாட்டிலேயே முதலாவதாக மருத்துவ உரிமைச் சட்டம் நிறைவேற்றியபோதும் சண்டை அவசரச் சிகிச்சை மீதே வந்தது. முன்பணம் கேட்காமல் தனியார் மருத்துவமனை சிகிச்சை தர வேண்டும், செலவை அரசு பிறகு கொடுக்கும் என்றது சட்டம். எது அவசரம், யார் தீர்மானிப்பது, அரசு எத்தனை நாளில் எந்த விகிதத்தில் பணம் கொடுக்கும் என்ற மூன்றும் விதிகளுக்குத் தள்ளிவைக்கப்பட்டன. தனியார் மருத்துவர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். ஏப்ரல் 4 அன்று உடன்பாடு: 50 படுக்கைக்குக் கீழுள்ள தனியார் மருத்துவமனைகளும், அரசிடம் நிலமோ சலுகையோ வாங்காதவையும் விலக்கு பெற்றன. அதற்குப் பிறகும் விதிகள் நெடுநாள் வெளிவரவில்லை. மருத்துவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது என்பது எங்கள் கருத்து. கடன் எழுதிய கணக்கு எப்போது தீரும் என்று சொல்லாமல் ஒருவரைச் சேவை செய்யச் சொன்னால், அடுத்த முறை அவர் நோயாளியை வாசலிலேயே வேறிடம் அனுப்பக் காரணம் தேடுவார்.

இதே விஷயத்தைத் தமிழ்நாடு வேறு மாதிரி கட்டியது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். வரையறுத்த 81 சிகிச்சை முறைகள், தொடக்கத்தில் ஒரு லட்சம் ரூபாய் வரை. எந்த மருத்துவமனைகள் என்று பட்டியல் இருக்கிறது. எந்த ஊர்க்காரர், அட்டை இருக்கிறதா, வருமானம் என்ன என்று கேட்பதில்லை. 'உரிமை' என்ற சொல் இல்லாமலே, உரிமைக்கு வேண்டிய உறுப்புகள் அதில் இருக்கின்றன: யாருக்கு, எது, எங்கே, எவ்வளவு நேரம், யார் பணம்.

அவசரத்தை மட்டும் உரிமையாக்கினால் மெல்ல வளரும் நோய்களுக்கு என்ன நேரும் என்பதை அமெரிக்கா காட்டிவிட்டது. அங்கே 1986 முதல் எந்த நோயாளியையும் அவசரப் பிரிவு பரிசோதித்து நிலைப்படுத்தாமல் அனுப்பக் கூடாது. ஆவணமில்லாத குடியேறிகளுக்குப் பல மாநிலங்களில் அந்த ஒரு கதவுதான். ஆகவே சிறுநீரகம் செயலிழந்தவர் வாரக் கணக்கில் டயாலிசிஸுக்கு நேரம் வாங்க முடியாது. மூச்சு முட்டும் வரை, பொட்டாசியம் ஆபத்தான அளவுக்கு ஏறும் வரை வீட்டில் காத்திருந்து அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். நிலைமை அந்த அளவுக்கு மோசமில்லை என்றால் திருப்பி அனுப்பப்படுவார், நாளை இன்னும் மோசமாகி வர வேண்டும். இப்படிச் சிகிச்சை பெற்றவர்களின் இறப்பு, முறைப்படி வாரம் மூன்று முறை பெற்றவர்களைவிடப் பல மடங்கு இருந்தது. செலவும் கூடத்தான் ஆயிற்று, ஏனென்றால் ஒவ்வொரு முறையும் தீவிர சிகிச்சைப் படுக்கை. இந்தக் கணக்கைப் பார்த்த பிறகுதான் கொலராடோ 2019இல் அவர்களுக்கும் வழக்கமான டயாலிசிஸைத் திறந்துவிட்டது.

அதே அமெரிக்காவில்தான் இன்னொரு வரலாறும் இருக்கிறது. 1960இல் சியாட்டிலில் பெல்டிங் ஸ்கிரிப்னர் டெஃப்ளான் குழாயைக் கையில் நிரந்தரமாகப் பொருத்தும் வழியைக் கண்டார். அதுவரை சில தடவைக்கு மேல் செய்ய முடியாத டயாலிசிஸ், ஆண்டுக்கணக்கில் செய்யக்கூடியதாயிற்று. 1962இல் மையம் திறந்தபோது இயந்திரம் சில, ஆட்கள் பலர். யாருக்கு இடம் என்று முடிவு செய்யப் பெயர் வெளியிடாத ஏழு பேர் குழு அமைந்தது: வழக்கறிஞர், மதகுரு, வங்கியாளர், இல்லத்தரசி, அரசு அதிகாரி, தொழிற்சங்கத் தலைவர், அறுவை மருத்துவர். வருமானம், படிப்பு, எத்தனை பிள்ளைகள், தேவாலயத்துக்குப் போகிறாரா என்றெல்லாம் பார்த்தார்கள். பத்திரிகையில் செய்தி வந்ததும் நாடு அதிர்ந்தது. 1971 நவம்பரில் ஒரு நோயாளி நாடாளுமன்றக் குழுவின் முன் இயந்திரத்தோடு இணைந்தபடியே சாட்சி சொன்னார். 1972 அக்டோபர் 30 அன்று சட்டம் கையெழுத்தானது. சமூகக் காப்பீட்டுக்குப் பணம் கட்டியவர், அவருடைய துணைவர், பிள்ளைகள் என்று ஏறக்குறைய எல்லோருக்கும், வயது பாராமல், சிறுநீரகச் செயலிழப்புக்கு அரசுக் காப்பீடு.

அப்போது டயாலிசிஸில் இருந்தவர்கள் 10,000 அளவில். இப்போது 5 லட்சத்துக்கு மேல். அரசுக் காப்பீட்டில் இருப்பவர்களில் சுமார் ஒரு சதவீதமான இவர்களுக்குப் பல பங்கு அதிகச் செலவு போகிறது. உரிமை கொடுத்ததால் செலவு பெருகிவிட்டது என்று இதைக் காட்டிச் சொல்பவர்கள் உண்டு. எங்களுக்குத் தெரியும் கோளாறு வேறு. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருந்து, மாத்திரை வாங்கக் காசில்லாத நாற்பது வயதுக்காரருக்கு அந்தச் சட்டம் எதுவும் தரவில்லை. இருபதாண்டு கழித்து இரண்டு சிறுநீரகமும் போனபின் கதவைத் திறந்து, விலையுயர்ந்த சிகிச்சையை உயிருள்ள வரை தந்தது. உரிமை கடைசிப் படியில் தொடங்கினால் கணக்கு இப்படித்தான் வரும்.

தாய்லாந்து தொடங்கியது கீழ்ப்படியில். 2001இல் '30 பாட்' திட்டம் (பாட் அந்நாட்டு நாணயம்), 2002இல் அதற்குத் தனிச் சட்டம். யாராக இருந்தாலும் தன் ஊர் மருத்துவமனையில் 30 பாட் கொடுத்தால் போதும், அதுவும் இல்லாதவருக்கு இலவசம். டயாலிசிஸ் மட்டும் முதலில் சேரவில்லை, காசு தாங்காது என்று. விளைவு தெரிந்ததே: நிலத்தை விற்றார்கள், பணம் தீர்ந்ததும் நிறுத்தினார்கள். ஒரு ரூபாய்க்கு எத்தனை ஆண்டு ஆயுள் என்ற கணக்கில் டயாலிசிஸ் தேறவில்லை என்று அரசின் ஆய்வே சொன்னது. இருந்தும் குடும்பங்கள் ஓட்டாண்டியாவதைத் தடுக்க 2008 ஜனவரியில் சேர்த்தார்கள். ஒரு நிபந்தனையோடு: முதல் தேர்வு வயிற்றுவழி டயாலிசிஸ்.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வயிற்றுக்குள் குடலைச் சுற்றியிருக்கும் சவ்வே வடிகட்டி. தொப்புளுக்குக் கீழே நிரந்தரமாக ஒரு மெல்லிய குழாய். இரண்டு லிட்டர் திரவப் பையை உயரே மாட்டி வயிற்றுக்குள் இறக்கி, நான்கு முதல் ஆறு மணி நேரம் விட்டு, கீழே வைத்த காலிப் பையில் வடிக்க வேண்டும். ஒரு தடவைக்கு அரை மணி நேரம், நாளுக்கு நான்கு தடவை. மையமும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம், வேலைக்கும் போகலாம். வேண்டியவை மாதம் 120 பைகள், எடையில் கால் டன்; சுத்தமான ஒரு மூலை; சோப்புப் போட்டுக் கழுவிய கை. கை சுத்தமில்லையென்றால் வயிற்றுச் சவ்வில் தொற்று. வடிந்த திரவம் கலங்கிக் கழுநீர் மாதிரி வந்தால் அன்றே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். தொற்று திரும்பத் திரும்ப வந்தால் சவ்வு பயனற்றுப் போகும்.

தாய்லாந்து இதை எப்படிச் சாதித்தது என்றால், திரவத்தை நாடு முழுமைக்கும் மொத்தமாகப் பேரம் பேசி வாங்கியது. பைகளைத் தபால் துறை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது. செவிலியர்கள் நோயாளிக்கும் வீட்டில் ஒருவருக்கும் கற்றுக்கொடுத்தார்கள். மலைக் கிராமத்துக்காரருக்கு உரிமை தபால்காரர் வண்டியில் வந்தது. 2022 பிப்ரவரியில், இயந்திர டயாலிசிஸையும் நோயாளி விருப்பப்படி இலவசமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று தளர்த்தினார்கள். கேட்க நல்ல முடிவு. கூட்டம் மையங்களுக்குத் திரும்பியது, செலவு எகிறியது, செவிலியரும் இயந்திரமும் பற்றவில்லை. 2025 ஏப்ரல் முதல் மறுபடி வயிற்றுவழிக்கே முன்னுரிமை. திட்டத்தின் பயன் என்ன என்பதை ஆண்டுதோறும் எண்ணிப் பார்த்து, தவறினால் பொதுவில் திருத்திக்கொள்ளும் அமைப்பு அங்கே இருக்கிறது. இந்தப் பழக்கத்தைத்தான் நாம் கடன் வாங்க வேண்டும்.

எழுத்தில் உரிமை இருந்தும் தரம் இல்லையென்றால் என்ன ஆகும் என்பதற்குப் பிரேசில் சாட்சி. "ஆரோக்கியம் அனைவரின் உரிமை, அரசின் கடமை" என்ற பொருளில் அந்நாட்டின் 1988 அரசியலமைப்பின் 196ஆம் பிரிவு பேசுகிறது. 1996 பிப்ரவரியில் கருவாரு என்ற நகரின் டயாலிசிஸ் மையத்துக்கு நீர்த்தேக்கத்திலிருந்து லாரியில் வந்த, சரிவரச் சுத்திகரிக்காத நீரில் நீலப்பச்சைப் பாசியின் நச்சு இருந்தது. குடிக்கும் நீரில் கொஞ்சம் நச்சு இருந்தால் குடலும் கல்லீரலும் ஓரளவு தடுத்துவிடும். டயாலிசிஸில் ஒரு மெல்லிய சவ்வுக்கு அந்தப்பக்கம் 120 லிட்டர் நீர், இந்தப்பக்கம் ரத்தம். பார்வை மங்கி, வாந்தியெடுத்து, கல்லீரல் செயலிழந்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

நம் மாவட்ட மையங்களுக்கும் இது பொருந்தும். மணல் வடிகட்டி, கார்பன் தொட்டி, மென்னீராக்கி, அதன்பின் ஆர்.ஓ. என்று நீர் வரிசையாகக் கடக்க வேண்டும். கார்பன் தொட்டி தேய்ந்துபோனால் நகராட்சிக் குழாயின் குளோரின் தாண்டி வந்து சிவப்பணுக்களை உடைக்கும். அதனால்தான் முதல் ஷிப்டுக்கு முன்னால் தொழில்நுட்பர் சோதனைத் தாளால் குளோரின் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். ஆளில்லாத நாளில் முதலில் விடுபடுவதும் அந்த வரிதான். புது மையம் திறப்பு விழாவில் இயந்திரங்களை எண்ணிச் சொல்வார்கள். ஆர்.ஓ. பழுதானால் அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றுவிடும் என்பதால், இரண்டாவது ஆர்.ஓ. இருக்கிறதா என்று கேட்பதே சரியான கேள்வி.

இனி யாருக்கு என்ற கேள்வி. ஏழைக்கு மட்டும் கொடுத்தால் போதாதா, எல்லோருக்கும் எதற்கு? தமிழ்நாட்டின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டில் குடும்ப ஆண்டு வருமானம் 1.2 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார், பிறகு ஆட்சியர் அலுவலகத்தில் பதிவு. ஆண்டுக்கு 1.5 லட்சம் சம்பாதிக்கும் கடைச் சிப்பந்தி கோட்டுக்கு அந்தப்பக்கம் நிற்கிறார். அரசு மருத்துவமனையில் இடம் கிடைத்தால் பிழைத்தார். கிடைக்காமல் தனியாரில் ஆண்டுக்கு 3 லட்சம் என்றால், மொத்த வருமானத்தைப்போல் இரண்டு மடங்கு. நோய் வந்த நாளிலிருந்து அவர் வேலையும் குறைந்துவிடும். வாரம் மூன்று நாள் நாற்காலியில், கூட வரும் மனைவிக்கும் கூலி இல்லை. நேற்று கோட்டுக்கு மேலே இருந்தவர் ஆறு மாதத்தில் கீழே வந்துவிடுவார், சான்றிதழ் அதை ஓராண்டு கழித்துத்தான் ஒப்புக்கொள்ளும். வருமானக் கோடு ஏழையை இனம் காண்கிறது, ஏழையாகிக்கொண்டிருப்பவரைக் காண்பதில்லை. எல்லோருக்கும் என்று வைக்கச் சொல்வதற்கு எங்களுக்கு இதைவிடப் பெரிய காரணம் தேவைப்படவில்லை.

இலங்கையில் அப்படிக் கோடு இல்லை. அங்கே 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகளில் ஆரோக்கியம் என்ற சொல்லே கிடையாது, ஆனால் அரசு மருத்துவமனைக்கு எந்த அட்டையும் இல்லாமல் யாரும் போகலாம். பல பத்தாண்டுப் பழக்கம் சட்டத்தைப்போலவே நின்றிருக்கிறது. 2022 நெருக்கடியில் மருந்து தீர்ந்து, வெளியே வாங்கி வரச் சொல்லிச் சீட்டு கொடுத்தபோது அதன் குறை தெரிந்தது. கேட்பதற்குப் பிடிமானமாக ஒரு சட்ட வரி நோயாளியிடம் இல்லை.

காப்பீட்டு அட்டையின் இன்னொரு குறை, அது பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்தவருக்கானது. ஆயுஷ்மான் பாரத் குடும்பத்துக்கு 5 லட்சம் தருகிறது. மருத்துவமனையில் சேர்வதற்கு முன் 3 நாள், வெளியேறியபின் 15 நாள் செலவும் சேரும். புறநோயாளியாக மாதாமாதம் விழுங்கும் மாத்திரை அதில் வராது. சிறுநீரகத்தைக் காப்பது அந்த மாத்திரைதான். அமெரிக்கா செய்த அதே தவற்றுக்கு இது பக்கத்தில் வருகிறது.

தமிழ்நாடு இங்கே ஒன்றைச் சரியாகச் செய்திருக்கிறது. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை மூலப்பெயரில் மாநிலத்துக்கே மொத்தமாக வாங்குகிறது. மாவட்டக் கிடங்குக்கு வந்த ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்துக் குறியீட்டோடு ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். தேறினால்தான் வெளியே போகும். ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக். ஆண்டு ஒதுக்கீடு அதில் ரூபாயில் இருக்கும், தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ள வேண்டியது. இந்த ஏற்பாட்டைக் கேரளமும் ராஜஸ்தானும் பிறகு தங்கள் வழியில் எடுத்துக்கொண்டன. அதன் மேல்தான் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' நிற்கிறது. பிரஷர், சுகர் மாத்திரை மாதம் ஒருமுறை வீட்டுக்கே வரும். நகர முடியாதவருக்கு இயன்முறைச் சிகிச்சையும், வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவருக்குத் திரவப் பையும் கூட.

வீட்டுக்கு ஏன் வர வேண்டும்? பிரஷர் வலிக்காது. வலிக்காத நோய்க்காக ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுக் காலை வரிசையில் நிற்க யாருக்கும் மனம் வராது. ஒரு மாதம் விடும், அப்புறம் விட்டேவிடும். அடிக்கடி வலி மாத்திரையையும் கடையில் வாங்கிப் போட்டால் சிறுநீரகம் இரட்டை அடி வாங்கும். மாத்திரை மட்டும் கொடுத்துச் சோதனை செய்யாமல் விட்டாலும் பாதி வேலைதான். ஆண்டுக்கு ஒருமுறை சிறுநீரில் ஆல்புமின், ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்து, சிறுநீரகம் வடிகட்டும் வேகத்தை நிமிடத்துக்கு இத்தனை மில்லி என்று கணக்கிட வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் 60க்குக் கீழே இருந்தால் நோய் தொடங்கிவிட்டது, 15க்குக் கீழே போனால் செயலிழப்பு. நடுவில் பல ஆண்டு அவகாசம் இருக்கிறது. 20ஐ நெருங்கும்போதே தெரிந்தால் மணிக்கட்டில் தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலாவைப் போட்டு, அது பழுக்க ஆறு எட்டு வாரம் கொடுக்கலாம். தெரியாமல் மூச்சுத்திணறலோடு வந்து விழுபவருக்குக் கழுத்தில் அவசரக் குழாய், அதில் தொற்று, முதல் மூன்று மாதத்திலேயே ஆபத்து.

உரிமை என்றால் மருத்துவரின் உழைப்பைப் பறிப்பதாகாதா என்று ஒரு வாதம் உண்டு. நீதிமன்றம் எல்லோருக்கும் உரிமை, இலவசச் சட்ட உதவியும் உண்டு. அதற்காக எந்த வழக்கறிஞரும் அடிமையாகவில்லை, அரசு ஊதியம் கொடுக்கிறது. இங்கும் கடமை அரசின் மேல்தான் விழுகிறது. கொடுக்க வேண்டிய காசைக் கொடுக்கும் வரை. அங்கேதான் சிக்கல்: இந்தியாவில் அரசின் மருத்துவச் செலவு 2021–22இல் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 1.84 சதவீதம், மக்கள் கையிலிருந்து போனது மொத்த மருத்துவச் செலவில் 39.4 சதவீதம். 2013–14இல் அது 64.2 சதவீதமாக இருந்தது என்பதால் இறக்கம் பெரிதுதான். அரசின் செலவுக்கு 2017 தேசிய நலக்கொள்கை 2025க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதம் என்று இலக்கு வைத்தது. அதே கொள்கை, முந்தைய வரைவில் இருந்த மருத்துவ உரிமைச் சட்ட யோசனையைக் கைவிட்டு, வசதியும் நிதியும் முதலில் வரட்டும், படிப்படியாக உறுதியளிப்போம் என்றது. வரிசை தலைகீழ் என்பது எங்கள் வாதம். யாரும் கேட்க முடியாத உறுதிக்கு எந்த நிதித்துறையும் தானாகப் பணம் ஒதுக்காது.

அடுத்து ஏதாவது மாநிலம் இப்படிச் சட்டம் எழுதினால் முன்னுரையைத் தாண்டி அட்டவணையைப் பார்க்க வேண்டும். புறநோயாளி மாத்திரை 30 நாளுக்கு என்று எழுதியிருக்கிறதா, "இருப்பைப் பொறுத்து" என்றா? பாஸ்புக் ஒதுக்கீடு புதிதாகக் கண்டுபிடித்த நோயாளிகளுக்கேற்ப ஆண்டு நடுவில் உயருமா? ஏனென்றால் பரிசோதனையைக் கூட்டிவிட்டு ஒதுக்கீட்டைக் கூட்டாவிட்டால் 30 மாத்திரை 15 ஆகும். டயாலிசிஸ் வாரம் மூன்று என்று எண்ணில் இருக்கிறதா? மையம் எத்தனை கிலோமீட்டருக்குள்? பஸ் பாஸ் கூட வருபவருக்கும் உண்டா? தனியாருக்குப் பணம் எத்தனை நாளில், தாமதித்தால் வட்டி உண்டா? மறுக்கப்பட்டவர் யாரிடம் போக வேண்டும், அவர் எத்தனை மணி நேரத்தில் பதில் சொல்ல வேண்டும்?

அட்டவணையில் கடைசியாக ஒரு பதிவேடும் வேண்டும். ஒவ்வொரு மையத்திலும் இடத்துக்குக் காத்திருப்பவர்கள், பதிவான தேதி, இடம் கிடைத்த தேதி. பட்டியலிலிருந்து ஒரு வரி அடிக்கப்படும்போது எதிரே காரணம் எழுதப்பட வேண்டும்: இடம் கிடைத்தது, வேறிடம் போனார், மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தது, வராமல் நின்றுவிட்டார், இறந்தார். ஆண்டு முடிவில் அந்தக் கடைசி இரண்டையும் மாவட்ட வாரியாகக் கூட்டிச் சட்டமன்றத்தில் வைத்தால், எங்கே எத்தனை இயந்திரம் குறைகிறது என்பதை யாரும் மதிப்பிட்டுச் சொல்ல வேண்டியதில்லை.